கேம் குறி அரைப் பல் தள்ளி நிற்கிறது, ஸ்டார்ட் செய்யலாமா?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்தபடி ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பெங்களூர் ராமமூர்த்தி நகரில், அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே உங்கள் சான்ட்ரோ ஜிங் 1.1 காரின் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டை) நீங்களே மாற்றியிருக்கிறீர்கள். ஹெட்டைப் பட்டறையில் கொடுத்து 0.2 மில்லிமீட்டர் ஃபேஸ் எடுத்தாயிற்று, அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கியாயிற்று. ஜே.சி. ரோட்டில் வாங்கிய புது டைமிங் பெல்ட்டும் மாட்டியாயிற்று. கீழே பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்க்கையும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேமையும் ஒரே கணக்கில் சுற்றவைக்கும் பல் வைத்த பெல்ட் அது. கீழே கிராங்க் புல்லியின் கட் மார்க்கைக் கவரில் உள்ள கோட்டுக்கு நேராக வைத்தால், மேலே கேம் ஸ்ப்ராக்கெட்டின் குறி அரைப் பல் பின்தங்கி நிற்கிறது. ஒரு பல் தள்ளி மாட்டினால் அந்தப் பக்கம் அரைப் பல் தாண்டிப் போகிறது. தெருமுனை மெக்கானிக் அண்ணன், "ஹெட் ஃபேஸ் எடுத்தா அப்படித்தான் இருக்கும், ஸ்டார்ட் பண்ணுங்க" என்கிறார். இதற்கு நடுவில் ஸ்விஃப்ட் இன்ஜின் வீடியோ ஒன்றில், சுற்றிப் பார்த்த பிறகு செயினின் கலர் லிங்க்குகள் குறியோடு ஒத்துப்போகாததைப் பார்த்துக் குழம்பியும் இருக்கிறீர்கள். ஸ்டார்ட் செய்யலாமா, வால்வு ஏற்கெனவே பிஸ்டனில் இடித்து வளைந்திருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் தீர வேண்டியது, இத்தனை குறிகளில் எதை நம்புவது என்பது.

வில்சன் கார்டன் பக்கம் பல வருஷம் இன்ஜின் வேலை பார்த்து, அப்புறம் பசங்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இப்போதைக்கு ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆனால் பயப்படவும் வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முதலில் மாட்டிய நிலையிலேயே பெல்ட் சரியாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படி இருந்தால், குறியை நேராக்குகிறேன் என்று ஒரு பல் தள்ளுவதுதான் உண்மையான தப்பாகிவிடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இந்தச் சிக்கல் பாதி கணக்கிலேயே அவிழ்ந்துவிடும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால்தான் கேம் ஸ்ப்ராக்கெட்டில் பல் இரண்டு மடங்கு இருக்கும். மேலே 40 பல், கீழே 20 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்களுடையதை எண்ணிப் பாருங்கள், கணக்கு அதற்கேற்ப மாறும்). கேமில் ஒரு பல் என்றால் 9 டிகிரி. கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி. பெல்ட்டை எப்படி மாட்டினாலும் கேம் 9, 9 டிகிரியாகத்தான் தாவும். இடையில் நிற்க அதற்கு வழியே இல்லை. அப்படியென்றால் இந்தப் பக்கம் அரைப் பல், அந்தப் பக்கம் அரைப் பல் என்று இரண்டு நிலையிலும் குறி தள்ளியே நிற்கிறது என்றால், பல்லில் கோளாறு இல்லை. எதை வைத்து அளக்கிறீர்களோ, அந்த ஆதாரக் குறியில்தான் கோளாறு. அல்லது பெல்ட்டின் தொய்வு தப்பான பக்கத்தில் இருக்கிறது.

இப்போது அண்ணன் சொன்ன காரணம். அவர் அடியோடு தப்பாகச் சொல்லவில்லை. ஹெட் ஃபேஸ் எடுத்தால் கேம் கிராங்க்கை நோக்கிக் கொஞ்சம் இறங்கும். கிராங்க் இழுக்கிற பக்கத்தில் பெல்ட்டின் தூரம் அந்த அளவுக்குக் குறையும், கேம் சற்றே பின்தங்கும். திசை சரிதான். அளவுதான் ஒட்டவில்லை. டைமிங் பெல்ட்டின் பல் இடைவெளி பொதுவாக 8 மில்லிமீட்டர், சிலவற்றில் 9.525 மில்லிமீட்டர். அரைப் பல் என்றால் குறைந்தது 4 மில்லிமீட்டர். நீங்கள் எடுத்த ஃபேஸ் 0.2 மில்லிமீட்டர். அதனால் கேம் பின்தங்குவது கால் டிகிரி அளவுக்குத்தான், கண்ணுக்கே தெரியாது. அரைப் பல் தள்ள வேண்டுமானால் ஹெட்டை 4 மில்லிமீட்டர் சீவியிருக்க வேண்டும். எந்தப் பட்டறையிலும் அப்படிச் செய்ய மாட்டார்கள், செய்தால் அந்த ஹெட் குப்பைக்குத்தான். ஆக, ஃபேஸ் எடுத்தது காரணமல்ல. இதை உறுதியாகவே சொல்கிறேன்.

அடுத்து சொல்லப்போவது உறுதியல்ல, என் சந்தேகம். நீங்கள் போட்ட படத்தில் கீழ்க் கவரின் அளவுகோல் மேல் ஆயிலும் தூசியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கிறது. ஒரே ஒரு கோடுதான் தெரிகிறது, பக்கத்தில் எண் தெரியவில்லை. இந்த மாதிரி அளவுகோலில் பொதுவாக பிஸ்டன் உச்சியைக் குறிக்க ஆங்கில டி எழுத்தோ பூஜ்யமோ ஒரு கோட்டில் இருக்கும். உச்சிக்கு 10 டிகிரி முன்னதாக இன்னொரு கோடு இருக்கும். அது இக்னிஷன் டைமிங் பார்ப்பதற்காக வைத்தது, பெல்ட் மாட்டுவதற்கு அல்ல. நீங்கள் 10 டிகிரிக் கோட்டில் புல்லியை நிறுத்தியிருந்தால் என்ன ஆகும்? கிராங்க் 10 டிகிரி குறைவாக நிற்கிறது. கேம் அதில் பாதி, அதாவது 5 டிகிரி குறைவாக நிற்கும். ஒரு பல் 9 டிகிரி என்றால் 5 டிகிரி என்பது அரைப் பல்லுக்குச் சற்று மேல். ஒரு பல் முன்னே தள்ளினால் குறியை 4 டிகிரி தாண்டி நிற்கும். நீங்கள் எழுதியது வரிக்கு வரி இதுவேதான். இந்த ஊகம் சரியென்றால் முதலில் மாட்டிய நிலை, அதாவது பின்தங்கி நிற்கிற நிலைதான் சரி. கிராங்க்கை இன்னும் 10 டிகிரி திருப்பினால் மேலே குறி தானாக வந்து நேராக நிற்கும்.

சரி, ஊகத்தை எப்படிச் சோதிப்பது? மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷும் எடுத்து அந்த அளவுகோலைத் தேய்த்துக் கழுவுங்கள். வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடலாம். புல்லியின் கட் மார்க்கில் ஒயிட்னர் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும், இருட்டுப் பார்க்கிங்கிலும் பளிச்சென்று தெரியும். பார்க்கும்போது கண் நேருக்கு நேர் இருக்க வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் புல்லிக்கும் கவருக்கும் உள்ள இடைவெளியாலேயே சில டிகிரி ஏமாற்றும். போனை வீல் ஆர்ச் பக்கமாக உள்ளே விட்டு, புல்லியின் மட்டத்தில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள்.

கோடு தெரிந்த பிறகும் புல்லியை முழுசாக நம்பிவிடக் கூடாது. சில கார்களில் புல்லியின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டப்பட்டிருக்கும். பழசானால் வளையம் நகர்ந்து, கட் மார்க் பொய் சொல்லும். அதனால் பிஸ்டனையே கேட்டுவிடுவது நல்லது. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். முதல் சிலிண்டர், அதாவது பெல்ட் பக்கத்துச் சிலிண்டரின் துளையில் மொட்டை முனை உள்ள நேரான கம்பியை விட்டு, பிஸ்டன் மேல் லேசாக நிற்க விடுங்கள். துளை சாய்ந்திருப்பதால் கம்பி எங்கேனும் உரசினால் அதை அழுத்தாதீர்கள், எப்போதும் கையிலேயே பிடித்திருங்கள். பிஸ்டன் முழு உச்சியில் இருக்கும்போது கம்பியில் துளை விளிம்புக்கு நேராக ஒரு கோடு போட்டு, அதற்கு 1 சென்டிமீட்டர் மேலே இன்னொரு கோடு போடுங்கள்.

கம்பி எப்போது அதிகமாக எழும்புகிறது என்று பார்த்து அதையே உச்சி என்று முடிவு செய்கிறவர்கள் அதிகம். அது போதாது. சைக்கிள் பெடல் உச்சியில் இருக்கும்போது முன்னே நகருமே தவிரக் கீழே இறங்காது, அதே கதைதான் இங்கேயும். உங்கள் இன்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 77 மில்லிமீட்டர். உச்சியிலிருந்து கிராங்க் 10 டிகிரி விலகினாலும் பிஸ்டன் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். நாம் தேடுகிற பிழையே 10 டிகிரிதான், அதைக் கம்பியின் உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துப் போக வேண்டும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கடிகாரத் திசையில் திருப்பிக்கொண்டே வாருங்கள். பிஸ்டன் ஏறும்போது கம்பியின் இரண்டாவது கோடு, அந்த மேல் கோடு, துளை விளிம்புக்கு வந்ததும் நிறுத்தி, கவரின் உச்சிக் கோட்டுக்கு நேராகப் புல்லி மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பின்னால் திருப்பாமல் அதே திசையில் உச்சியைத் தாண்டிப் போங்கள். இறங்கும்போது அதே கம்பிக் கோடு மறுபடி விளிம்புக்கு வரும். அங்கே நிறுத்தி, அதே உச்சிக் கோட்டுக்கு நேராகப் புல்லியில் இரண்டாவது கோடு. இரண்டு பென்சில் கோடுகளுக்கும் சரியான நடுப்புள்ளி புல்லியின் கட் மார்க் மேல் விழுந்தால் உங்கள் புல்லியும் அளவுகோலும் யோக்கியமானவை. விழவில்லை என்றால் அந்த நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி, கட் மார்க்கை மறந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிளக் கழற்றிய பிறகு கம்ப்ரஷன் எதிர்ப்பு இருக்காது, இன்ஜின் லகுவாகத் திரும்பும். வழியில் எங்காவது கெட்டியாக முட்டினால் அது வால்வு பிஸ்டனைத் தொடுகிற இடம். அங்கே பலம் காட்டாதீர்கள், திரும்பி வந்து பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து ஆரம்பியுங்கள். எந்தக் காரணத்துக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டி இன்ஜினைச் சுற்றாதீர்கள். கை நிறுத்துகிற இடத்தில் ஸ்டார்ட்டர் நிறுத்தாது.

உச்சி எது என்று தெரிந்துவிட்டது, அங்கே கிராங்க்கை நிறுத்தியும் கேம் குறி அரைப் பல் தள்ளியே நிற்கிறது என்று வையுங்கள். அப்போது புல்லியையும் கீழ்க் கவரையும் கழற்றித்தான் ஆக வேண்டும். பெல்ட் மாட்டுவதற்கான அசல் கீழ்க் குறி உள்ளேதான் இருக்கிறது: கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு சின்னக் குறி, அதற்கு நேராக ஆயில் பம்ப் உடம்பில் ஒன்று. கழற்றும்போது ஸ்ப்ராக்கெட்டின் கீயையும் (அதைக் கிராங்க்கோடு பூட்டும் சின்ன இரும்புத் துண்டு) கீ உட்காரும் பள்ளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். முன்பு யாரோ கிராங்க் போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால் ஸ்ப்ராக்கெட் ஆடி ஆடி அந்தப் பள்ளம் அகன்று போயிருக்கும், குறியும் அதோடு நகரும். கையால் அசைத்தால் ஸ்ப்ராக்கெட் இப்படியும் அப்படியும் ஆடுகிறதா என்பதுதான் சோதனை. உங்கள் படத்தில் அந்த இடம் தெரியவில்லை, அதனால் இதைப் பற்றி இங்கிருந்து நான் எதுவும் சொல்வதற்கில்லை.

கீ நன்றாக இருந்தால் மிச்சமிருப்பது தொய்வு. வீட்டில் முதல் தடவை செய்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது. பெல்ட்டுக்கு இரண்டு பக்கம்: டென்ஷனர் அழுத்துகிற பக்கம் ஒன்று, கிராங்க் இழுக்கிற பக்கம் ஒன்று. தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். டென்ஷனரைத் தளர்த்திப் பின்னால் தள்ளி, பெல்ட்டை முதலில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் மாட்டி, இழுக்கிற பக்கம் விறைப்பாக இருக்கும்படி பிடித்துக்கொண்டே கேமில் ஏற்றி, கடைசியில் டென்ஷனரை விடுங்கள். ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் என்றால் அழுத்தத்தை ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும், ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம். இரண்டு போல்ட்டில் நீள்துளைப் பக்கத்து போல்ட்டை முதலில் இறுக்குங்கள். சுழலும் பக்கத்துப் போல்ட்டை முதலில் இறுக்கினால் பிராக்கெட் கூடவே திரும்பிப் பெல்ட் அளவுக்கு மேல் இறுகிவிடும். டென்ஷனர் பேரிங்கை விரலால் சுழற்றிப் பாருங்கள், கரகரவென்றால் அதையும் மாற்றிவிடுங்கள். இத்தனை வேலை செய்துவிட்டு அதில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

மாட்டியதும் கையால் இரண்டு முழுச் சுற்று, கடிகாரத் திசையில் மட்டும். ஒரு சுற்று போதாது, ஏனென்றால் ஒரு சுற்றில் கேம் பாதிதான் வந்திருக்கும், குறி கீழே போய் நிற்கும். இதைப் பார்த்து டைமிங் போய்விட்டது என்று பெல்ட்டை மறுபடி கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சுற்று முடிந்து கிராங்க் குறி, கேம் குறி இரண்டும் ஒன்றாக நின்றால் வேலை முடிந்தது. குறியைத் தாண்டிப் போய்விட்டால் பின்னால் இழுக்காதீர்கள், தொய்வு பக்கம் மாறிவிடும். இன்னும் இரண்டு சுற்று சுற்றி வாருங்கள், கைதான் கொஞ்சம் வலிக்கும்.

ஸ்விஃப்ட் வீடியோ விஷயம் வேறு. செயின் இன்ஜின்களில் கலர் லிங்க் என்பது மாட்டும் அந்த ஒரு நிமிஷத்துக்கான குறி. செயினின் லிங்க் எண்ணிக்கையும் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று நேராக வகுபடாததால், இரண்டு சுற்றில் லிங்க் வேறு இடத்துக்குப் போய்விடும். மறுபடி அதே இடத்துக்கு வரப் பல சுற்று ஆகும். ஸ்ப்ராக்கெட் குறிகள் சேர்ந்தால் போதும், லிங்க் எங்கே போனால் என்ன. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இன்னும் இரண்டு வரி. பழைய ஹோண்டா சிட்டியின் டி சீரிஸ் இன்ஜின் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும், மேலே நான் சொன்ன திசையை அதற்கு அப்படியே எடுக்க வேண்டாம். 1.3 மல்டிஜெட் டீசல் மாதிரி இன்ஜின்களில் கேமையும் கிராங்க்கையும் லாக்கிங் டூல் வைத்துப் பூட்டித்தான் டைமிங் வைக்க வேண்டும். டூல் இல்லாமல் வீட்டில் அதில் கை வைக்காதீர்கள்.

வால்வு ஏற்கெனவே வளைந்திருக்குமோ என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். இன்ஜினை நீங்கள் ஸ்டார்ட்டரில் சுற்றவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கையால் மெதுவாகச் சுற்றி, எங்கும் முட்டவில்லை என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரே சந்தேகம், ஹெட்டை ஏற்றி போல்ட் இறுக்கிய நேரத்தில் ஒரு பிஸ்டன் உச்சியிலும் அதன் வால்வு திறந்த நிலையிலும் இருந்ததா என்பது. அதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. அடுத்த முறைக்கு ஒன்று: நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஹெட் ஏற்றும் முன் கிராங்க்கை உச்சியிலிருந்து 90 டிகிரி திருப்பி வைத்தால் நான்கு பிஸ்டனும் நடுவில் இறங்கி நிற்கும், கேம் எப்படி இருந்தாலும் ஒன்றையொன்று தொடாது. ஹெட் உட்கார்ந்த பிறகு கேமை அதன் குறிக்குக் கொண்டுவந்துவிட்டு, கிராங்க்கை உச்சிக்குத் திருப்பிக்கொள்ளலாம். மூன்று சிலிண்டர் ஆல்ட்டோவில் இந்த வசதி கிடையாது, அங்கே எந்த நிலையிலும் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்காது. இப்போதைக்குச் சந்தேகம் தீர வேண்டுமானால் சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கி நான்கு சிலிண்டரையும் பாருங்கள். இதற்கு மட்டும் ஸ்டார்ட்டரைச் சுற்றித்தான் ஆக வேண்டும், ஆகவே டைமிங் முழுசாகச் சரிபார்த்த பிறகு, ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, இக்னிஷன் காயில் கனெக்டரையும் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட (சதுர சென்டிமீட்டருக்கு) ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வைச் சந்தேகப்படலாம்.

எல்லாம் ஒத்துவந்த பிறகு கிராங்க் போல்ட்டை மேனுவலில் போட்டிருக்கிற டார்க்கில் (இறுக்க வேண்டிய அளவு) இறுக்கி, கவர்களை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஹெட் கழற்றிய இன்ஜின் முதல் சில நொடி டேப்பட் சத்தம் (வால்வுப் பக்கத்து டக்டக் சத்தம்) போடும், ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். சத்தம் அடங்காமல் ஒரே தாளத்தில் கணீரென்று தட்டினால் உடனே சாவியைத் திருப்பி ஆஃப் செய்துவிடுங்கள். ஐட்லிங்கில் நடுங்கி, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மந்தமாக எழும்பினால் ஒரு பல் தள்ளியிருக்க வாய்ப்பு உண்டு, மேல் கவரைத் திறந்து மறுபடி குறி பாருங்கள். அதற்கு முன்னால், கழுவித் துடைத்த அளவுகோலின் படத்தை இங்கே போடுங்கள். கட் மார்க் நின்றது 10-லா இல்லையா என்று பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.